யாழ்தேவியில் ஒரு பகல்: கோட்டையிலிருந்து காங்கேசன்துறை வரை, தம்புத்தேகம வழியாக

கொழும்பு வெள்ளவத்தையில் மகள் வீட்டில் மூன்று வாரம் இருந்துவிட்டு, சிவராத்திரிக்குக் கீரிமலைக்குப் போய்விட வேண்டும் என்று 2025 பெப்ரவரி 25ஆம் திகதி யாழ்தேவி ரயில் ஏறினேன். யாழ்ப்பாணம் போக இரவு பஸ் இருக்கிறது, வான் இருக்கிறது, கையில் காசு கூடுதலாக இருந்தால் வேறு வழிகளும் இருக்கின்றன. ஏன் அம்மா பகல் முழுக்க ரயிலில் இருந்து கஷ்டப்படுகிறீர்கள் என்று மகள் கேட்டாள். எனக்கு அது கஷ்டம் இல்லை. அதோடு இந்த முறை அந்த ரயிலில் போக எனக்கு ஒரு தனிக் காரணமும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ரயிலைப் பற்றி.

இரண்டாம் வகுப்பில் இருக்கை பதிவு செய்து போனேன். பயண நாளுக்கு 30 நாள் முன்பே பதிவு தொடங்கிவிடும். பண்டிகைக் காலத்தில் போகிறவர்கள் அந்த முதல் நாளையே கலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மருமகன் ஃபோனிலேயே எடுத்துத் தந்தார். இருக்கை நல்ல அகலம், முதுகுக்குச் சாய்வும் போதும். எனக்கு 62 வயது, முழங்கால் நோவு உள்ள ஆள். பஸ்ஸில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கிறது: எழுந்து நடக்கலாம். பெட்டியின் இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் நடந்தேன். யாழ்ப்பாணத்தில் இறங்கும்போது கால் வீங்கவே இல்லை.

ஜன்னல் ஓரம் எடுக்கிறவர்களுக்கு ஒரு சொல். வடக்கு நோக்கிப் போகும்போது காலை வெயில் வலப்பக்கம் அடிக்கும், இடப்பக்கம் நிழல். மதியம் தாண்டினால் இது மாறிவிடும். நான் இடப்பக்கம் இருந்தேன். வவுனியாவுக்குப் பிறகு சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டி வந்தது. ஆனாலும் அந்த இடத்தை மாற்ற மனம் வரவில்லை.

பாதையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். மகவ முதல் அநுராதபுரம் வரையான தண்டவாளத்தைப் புதுப்பிப்பதற்காக 2024இன் தொடக்கத்தில் பாதையை மூடியிருந்தார்கள். இந்தியாவின் கடனுதவியில் நடந்த வேலை அது. அந்த மாதங்களில் வடக்குக்கு நேரே ரயில் இல்லாமல் நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். இப்போது அந்தத் துண்டில் ரயில் ஓடும் விதமே வேறு. முந்தி கல்கமுவப் பக்கம் வரும்போது தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் பிடிக்க முடியாது. இந்த முறை போத்தல் மூடியில் சுடச்சுட ஊற்றி, மடியில் ஒரு சொட்டும் சிந்தாமல் குடித்தேன்.

சாப்பாடு வீட்டிலிருந்து கொண்டுபோவதே நல்லது. மகள் இடியப்பமும் சம்பலும், மதியத்துக்குப் புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் வாழையிலையில் கட்டித் தந்தாள். அதற்காக விற்க வருகிறவர்களை விட்டுவிடாதீர்கள். குருநாகலைத் தாண்டிய பிறகு “வடே, வடே” என்று கூவிக்கொண்டு வந்த பெடியனிடம் நான்கு பருப்பு வடை வாங்கினேன். செத்தல் மிளகாய் தூக்கலாக, ஓரமெல்லாம் மொறுமொறு என்று இருந்தது. அப்புறம் அவித்த சோளம். உப்புத் தண்ணீரில் அவித்த சூடு ஆறாமல் மடலோடு தந்தார்கள். வெள்ளவத்தைக் கடற்கரையில் வாங்கும் சோளத்தை விட இது எவ்வளவோ இனிப்பு. வயல்காட்டுப் பக்கத்துச் சோளம் இல்லையா.

இனி அந்தக் காரணம்.

கல்கமுவவுக்கும் அநுராதபுரத்துக்கும் இடையில் தம்புத்தேகம என்று ஒரு நிலையம் வரும். சின்ன ஊர். இந்தப் பாதையில் எத்தனை முறை போய் வந்திருக்கிறேன் என்று கணக்கு இல்லை, ஒரு தடவையாவது அந்த ஊரை நிமிர்ந்து பார்த்ததில்லை. இப்போது அந்த ஊரில் வளர்ந்த ஒருவர்தான் எங்கள் நாட்டின் ஜனாதிபதி. அநுர குமார திசாநாயக்க. தகப்பனார் நில அளவைத் திணைக்களத்தில் சிறு ஊழியராக இருந்தவர். தம்புத்தேகம மத்திய கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் மாணவர் இவர்தான் என்று படித்தேன். களனியில் விஞ்ஞானப் பட்டம் எடுத்திருக்கிறார். நான் 33 வருடம் கணிதம் படிப்பித்த ஆசிரியை. ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து முதன்முதலாக ஒரு பிள்ளை கம்பஸுக்குப் போகும் நாள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் யாரோ ஒருவர் லட்டு வாங்கித் தருவார். பிள்ளையின் தாய் வாசலிலேயே நின்று அழுவார். அந்தப் பிள்ளை நாட்டின் தலைவராகவும் வந்தால்?

உண்மையைச் சொல்கிறேன், 2024 செப்டெம்பர் 21ஆம் திகதி நான் அவருக்கு வாக்களிக்கவில்லை. சங்குச் சின்னத்துக்குத்தான் போட்டேன், தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கு. யாழ்ப்பாண மாவட்டம் முழுவதிலும் அநுரவுக்குக் கிடைத்தது 27,086 வாக்கு மட்டும். நாடு முழுவதற்கும் பார்த்தால் முதல் எண்ணிக்கையில் 42.31 வீதம். பாதியைத் தாண்டாததால், இலங்கையில் முதன்முறையாக இரண்டாம் விருப்பு வாக்கையும் எண்ணினார்கள். அன்று இரவு முழுக்க நான் டிவிக்கு முன்னால் இருந்தேன். 2019இல் இதே மனிதர் எடுத்தது 3.16 வீதம். ஐந்து வருடத்துக்குள் இப்படி ஒரு மாற்றத்தை என் வாழ்நாளில் எந்தத் தேர்தலிலும் பார்த்ததில்லை. 23ஆம் திகதி பதவியேற்பைப் பார்த்தேன். என் வாக்கு அவருக்கு இல்லை, ஆனாலும் அன்று மனதில் ஏதோ ஒன்று அசைந்தது.

கனடாவில் இருக்கும் அண்ணாவிடம் இதைச் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “வடக்கையும் கிழக்கையும் பிரிக்கச் சொல்லி 2006இல் வழக்குப் போட்டது ஆர் எண்டு மறந்திட்டியோ?” என்று கேட்டார். மறக்கவில்லை. அநுரவின் கட்சியான மக்கள் விடுதலை முன்னணிக்காரர்தான் போட்டார்கள். சமாதானப் பேச்சு நடந்த காலத்தில் அதை எதிர்த்து அவர்கள் நடத்திய ஊர்வலங்களும் எனக்கு நினைவிருக்கிறது. அண்ணா சொல்வது எல்லாம் சரி. நான் அவரோடு வாதாடவில்லை. ஆனால் அண்ணா 1986இல் போனவர். 2022இல் கொக்குவிலில் மண்ணெண்ணெய்க்காக விடியப்புறம் மூன்று மணிக்கு வரிசையில் நின்றது நான். அதே வேளையில் கொழும்பில் காஸ் சிலிண்டரைச் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு நின்ற சிங்களச் சனத்தையும் டிவியில் பார்த்தேன். அவர்கள் கோபத்தோடு போய் ஒரு ஜனாதிபதியையே வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தக் கோபத்திலிருந்து வந்தவர் இவர்.

அப்புறம் 2024 நவம்பர் 10ஆம் திகதி அநுர யாழ்ப்பாணம் பாசையூரில் கூட்டம் போட்டார். ராணுவத்திடம் இருக்கும் மக்களின் காணிகளைத் திருப்பித் தருவோம் என்று அங்கே சொன்னார். நான் கூட்டத்துக்குப் போகவில்லை, பக்கத்து வீட்டுத் தம்பி ஃபோனில் காட்டினார். 14ஆம் திகதி பாராளுமன்றத் தேர்தலில் நான் அவருடைய அணியின் திசைகாட்டிச் சின்னத்துக்குப் புள்ளடி போட்டேன். என்னைப் போல எத்தனை பேர் நினைத்திருக்கிறார்கள் என்று அடுத்த நாள்தான் தெரிந்தது. 27 ஆயிரம் வாக்கு 80,830 ஆகியிருந்தது. யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனத்தில் மூன்று அவர்களுக்கு. தெற்கே மாத்தறையில் சிங்களச் சனம் சரோஜா சாவித்திரி போல்ராஜ் என்ற தமிழ்ப் பெண்ணைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது. அந்தச் செய்தியை நான் மூன்று பத்திரிகையில் திரும்பத் திரும்பப் படித்தேன்.

இப்படி ஒரு ஆசையோடுதான் தம்புத்தேகமவைப் பார்க்கக் காத்திருந்தேன். எனக்கு எதிரே மகவ வரைக்கும் இடம் காலியாக இருந்தது. அங்கே ஒரு சிங்களத் தம்பதி வந்து ஏறினார்கள். எழுபதை ஒட்டிய வயது இருக்கும். அவர் கண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்து கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். எனக்குத் தெரிந்த சிங்களம் கொஞ்சம், அவருக்குத் தெரிந்த தமிழ் அதை விடக் கொஞ்சம். ஆசிரியை என்றதும் “மிஸ், மிஸ்” என்றுதான் கடைசி வரை கூப்பிட்டார். அந்த அம்மா வாழையிலையைப் பார்த்து என்ன இது என்று கையால் கேட்டா. புட்டு என்றேன். “பிட்டு!” என்று சிரித்து, தங்கள் பையிலிருந்து இரண்டு கொய்யாப்பழம் எடுத்துத் தந்தா.

எங்கே இறங்குகிறீர்கள் என்று கேட்டேன். தம்புத்தேகம என்றார்கள்.

எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கவில்லை. ஜனாதிபதியின் ஊர் அல்லவா என்றேன். பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். டாக்டர் கழற்றக் கூடாது என்று சொல்லியிருப்பார் போல, அந்த அம்மா கையைத் தட்டிவிட்டா. அவர் நெல் செய்கிறவர், மகாவலி வாய்க்கால் தண்ணீரை நம்பிய வயல். ஊரில் வெற்றி தெரிந்த நாளில் யாரும் பெரிதாகப் பட்டாசு கொளுத்தவில்லை, பாற்சோறு சமைத்துக் கொடுத்தோம், அவ்வளவுதான் என்றார். அப்புறம் அவரே ஒரு கேள்வி கேட்டார். உங்கள் பக்கத்திலும் இத்தனை பேர் அவருக்கு வாக்களித்தீர்களே, ஏன், என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று.

முப்பத்திமூன்று வருடம் வகுப்பில் நின்று பேசியவள் நான், அந்தக் கேள்விக்கு உடனே பதில் வரவில்லை. பிறகு என் ஊரைப் பற்றிச் சொன்னேன். வயாவிளான். செம்மண், வெங்காயம், புகையிலை. அப்பா கொழும்பில் கிளாக்கராக இருந்தவர். வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலை முடித்து, ரயில் ஏறி ஊருக்கு வருவார், ஞாயிறு திரும்பிப் போவார். யாழ்தேவி ஓடத் தொடங்கியது 1956இல். அந்த ரயிலில் ஏறி இறங்கியே தன் இளமை போனது என்று அப்பா சொல்வார். சேர்த்த காசில் நாலு பரப்புக் காணி வாங்கி, கிணறு வெட்டி, வாசலில் ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம் நட்டார். அது முதல் காய்ப்புக் காய்த்த வருடம் நான் பல்கலைக்கழகத்தில் இருந்தேன். அம்மா ஒரு பெட்டியில் வைக்கோல் போட்டுப் பழத்தை அடுக்கி, அப்பா கையில் இதே யாழ்தேவியில் கொடுத்து அனுப்பினா. 1990 ஜூனில் சண்டை தொடங்கியது. ரயிலும் நின்றது, நாங்களும் ஊரை விட்டு வெளிக்கிட்டோம். இரண்டு கிழமையில் திரும்பி வரலாம் என்று நினைத்து ஆட்டுக்குக் குழை கட்டிவிட்டு வந்தோம். அந்தக் காணி இன்றைக்கும் ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருக்கிறது. அப்பா 2003இல் கொக்குவிலில் செத்துப்போனார், தன் கிணற்றுத் தண்ணீர் ஒரு வாய் கேட்டு.

இவ்வளவையும் என் அரைகுறைச் சிங்களத்தில் சொல்லி முடித்தேனா என்று தெரியாது. காணி, கிணறு, மாமரம் என்ற மூன்று சொல்லும் அவருக்கு விளங்கியிருந்தது. விவசாயிக்கு அவை போதும். அவர் எதுவும் பேசாமல் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த வயலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, “தருவார் மிஸ்” என்று தமிழிலேயே சொன்னார். அந்தப் பெரியவரால் எப்படி உறுதி சொல்ல முடியும்? முடியாதுதான். ஆனால் தன் ஊர்ப் பிள்ளைக்காக வாக்குக் கொடுக்கும் ஒரு தகப்பனைப் போல அவர் அதைச் சொன்னார். நான் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன்.

தம்புத்தேகமவில் ரயில் நின்றது. மூன்று மொழியிலும் பெயர் எழுதிய பலகை. இறங்கிய சனம், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவர், வெள்ளைச் சீருடையோடு பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஜனாதிபதியின் ஊர் என்று அறிவிக்க ஒரு பெரிய கட்-அவுட்டாவது இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். நான் இருந்த ஜன்னலிலிருந்து அப்படி எதுவும் தெரியவில்லை. அது எனக்கு மிகவும் பிடித்தது. பேத்தி புறப்படும்போதே சொல்லியிருந்தா: “அம்மம்மா, அவற்ர ஊர் வந்தால் எனக்குப் ஃபோட்டோ எடுத்து அனுப்புங்கோ.” பெயர்ப்பலகையை எடுத்து அனுப்பினேன். படத்தின் ஓரத்தில் அந்தப் பெரியவரின் கைத்தடியும் விழுந்திருந்தது.

அதற்குப் பிறகு வந்த வழி உங்களுக்குத் தெரிந்ததுதான். அநுராதபுரத்தில் கொஞ்ச நேரம் நிற்கும், கீழே இறங்கித் தண்ணீர்ப் போத்தல் வாங்க அவகாசம் உண்டு. மதவாச்சி, வவுனியா. ஓமந்தையைத் தாண்டினால் காடு. முறிகண்டிப் பிள்ளையாரடி வந்ததும் பெட்டியில் பாதிப்பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், நானும்தான். ஆனையிறவில் வெயில் சாய்ந்து களப்பு முழுக்க மினுங்கியது. இந்தப் பயணத்தில் கண்ணுக்கு மிக அழகான இடம் அதுதான், நித்திரை கொள்கிறவர்கள் கிளிநொச்சியிலேயே எழும்பிவிடுங்கள். யாழ்ப்பாணத்தில் பெட்டி காலியாகிவிடும். கடைசி நிலையம் வரை போகிறவர்கள் கொஞ்சப் பேர்தான். 2014 ஒக்டோபர் 13இல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்பி வந்தது, அடுத்த ஜனவரியில் காங்கேசன்துறைக்கு. தெல்லிப்பழை, மாவிட்டபுரம் என்று ஒவ்வொரு பலகையாகப் படித்துக்கொண்டு போனேன். காங்கேசன்துறையில் இறங்கினால் கடல் காற்று முகத்தில் அடிக்கும். ஓட்டோக்காரர்கள் வாசலிலேயே நிற்பார்கள்.

அடுத்த நாள் கீரிமலையில் தீர்த்தமாடி, நகுலேஸ்வரத்தில் இரவு முழுக்கக் கண்விழித்தேன். முழங்காலும் என்னைக் கைவிடவில்லை. விடிந்ததும் ஓட்டோப் பிடித்துப் பலாலி – அச்சுவேலி வீதிக்கு விடச் சொன்னேன். 34 வருடம் மூடிக்கிடந்த அந்த வீதியைக் 2024 நவம்பர் 1ஆம் திகதிதான் திறந்தார்கள், புதிய ஜனாதிபதி வந்து ஆறு கிழமைக்குள். பழைய ஆட்சிகளிலும் துண்டு துண்டாகக் காணி விட்டார்கள், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வீதியில் நான் சைக்கிளில் பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். 27 வயதில் விட்ட வீதியில் 62 வயதில் போகிறேன். ஓட்டோக்காரத் தம்பிக்கு முப்பது வயது கூட இருக்காது, அவர் பிறந்த நாளிலிருந்து அது மூடிய வீதி. “இதில எங்கையம்மா உங்கட வீடு?” என்று கேட்டார். வேலிக்கு அப்பால், பனைகளுக்குப் பின்னால் என்று கையைக் காட்டினேன். வீதிதான் திறந்திருக்கிறது, காணிக்குள் போக இன்னும் வழி இல்லை.

வீட்டுக்கு வந்து, பெப்ரவரி 17ஆம் திகதி வாசித்த வரவு செலவுத் திட்டத்தைப் பற்றிப் பத்திரிகையில் சேர்த்து வைத்திருந்த பக்கங்களை எடுத்துப் பார்த்தேன். நிதி அமைச்சராக ஜனாதிபதியே வாசித்த முதல் வரவு செலவுத் திட்டம். யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு 100 மில்லியன் ரூபா. வடக்கின் வீதிகளுக்கும் பாலங்களுக்கும் 5,000 மில்லியன். 1981இல் அந்த நூலகம் எரிந்தபோது எனக்கு 18 வயது, உயர்தரப் பரீட்சைக்கு அங்கே போயிருந்து படித்தவள். அதை நினைவில் வைத்து ஒரு தொகையை ஒதுக்கிய ஜனாதிபதிக்கு, என் காணியையும் நினைவில் வைக்கத் தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறேன். அண்ணா இதைப் படித்தால் மறுபடி கோபிப்பார். பரவாயில்லை.

ரயிலுக்கு வருகிறேன். வயதானவர்களுக்கு, சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு, அவசரம் இல்லாதவர்களுக்கு யாழ்தேவியை மனதார சிபாரிசு செய்கிறேன். ஒரு பகல் போய்விடும், உண்மை. ஆனால் பக்கத்தில் யார் வந்து இருப்பார்கள் என்று சொல்ல முடியாத ஒரு பகல் அது. சாப்பாடும் தண்ணீரும் கொண்டுபோங்கள், வடைக்குச் சில்லறைக் காசு வைத்துக்கொள்ளுங்கள், இறங்குகிறவருக்குக் கொடுக்க ஏதாவது கூடுதலாகக் கட்டிக்கொண்டு போங்கள். கொய்யாவுக்குப் பதிலாகக் கொடுக்க என்னிடம் புட்டு மட்டும்தான் இருந்தது.

சித்திரை வருடப்பிறப்புக்கு மகள் குடும்பம் வருகிறது. மார்ச் நடுப்பகுதியில் பதிவு திறந்தவுடன் நான்கு இருக்கை எடுக்கும்படி மருமகனிடம் சொல்லிவிட்டேன். இடப்பக்கம், ஜன்னல் ஓரம் பேத்திக்கு.